புன்னைக்காயலில் ஒரு படகுச் சவாரி: தாமிரபரணி கடலைத் தொடும் இடம்

தாமிரபரணி என்றால் நமக்குப் பாபநாசமும் குறுக்குத்துறையும்தான். சிந்துபூந்துறையில் குளித்து வளர்ந்தவர்களிடம்கூட இந்த ஆறு எங்கே கடலில் சேருகிறது என்று கேட்டுப் பாருங்கள், "திருச்செந்தூர் பக்கம் எங்கேயோ" என்பார்கள். ஆத்தூரில் இருக்கிற அத்தான் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வழியாகப் போனால் கூடவே ஆறும் வரும். வழியெல்லாம் வாழை, ஆத்தூரை நெருங்கினால் வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை அத்தான் தன் சொந்தத் தோட்டத்துக்கே கிடைத்த மாதிரி சொல்லுவார். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் புன்னைக்காயல். மாதா கோவில், கரையில் காயும் வலைகள், மீன் வாடை, அவ்வளவுதான்.

பிச்சாவரம் மாதிரி டிக்கெட் கவுண்ட்டர் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாங்கள் ஏறியது மீன் பிடிக்கிற ஃபைபர் படகு, ஓட்டினவர் அத்தானுக்குப் பழக்கமான ஒரு அண்ணாச்சி. முதலில் முகத்துவாரம் வரை போய்விட்டு, அப்புறம் திரும்பி உள்ளே அலையாத்திக் காட்டுப் பக்கம் வருவதாகத் திட்டம்.

முகத்துவாரத்தில் ஆற்றின் பச்சையும் கடலின் நீலமும் சேருகிற கோடு நன்றாகத் தெரிகிறது. ஆனால் எனக்கு அதைவிட உள்பக்கம்தான் பிடித்தது. சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கிற மூச்சு வேர்கள், அவற்றுக்கு நடுவே படகுச் சத்தம் கேட்டதும் பொந்துக்குள் ஓடுகிற நண்டுகள், மரத்து உச்சியில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நீர்க்காகங்கள். இன்னும் மேலே போகலாமா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் எஞ்சினைத் தூக்கிவிட்டு, நீளக் கம்பு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊன்றிக் காட்டினார். முழங்கால் ஆழம்கூட இல்லை. "இதுக்கு மேல தரை தட்டிரும் தம்பி." கம்பை வெளியே இழுத்தால் நுனியில் கரிய சேறு, அழுகின முட்டை நாற்றம், சேற்றுக்குள் நகத்தளவு சிப்பி ஓடுகள்.

அந்தச் சேறுதான் இந்தப் பயணத்தில் நான் பார்த்த முக்கியமான விஷயம் என்பேன். சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. கிரேக்க மாலுமிகள்வரை அதன் பெயர் தெரிந்திருந்தது. அது இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை கிழக்கே நகர நகரத் துறைமுகமும் நகர்ந்தது. கொற்கை போய் பழையகாயல், பழையகாயல் போய் புன்னைக்காயல். கொற்கையில் தோண்டிப் பார்த்த கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவிட்டார்.

பழையகாயல் என்றால் இப்போது சிர்கோனியம் ஆலைதான் ஞாபகம் வரும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் அதுதான். ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் அங்கே வந்து நின்றன. பாண்டிய நாட்டில் குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போடுகிறார்கள், லாடம் அடிக்க ஆள் கிடையாது, வாங்குகிற குதிரைகள் செத்துக்கொண்டே இருக்கின்றன, அதனால் வருடா வருடம் புதிதாக வாங்குகிறார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அரபு வியாபாரிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்!

புன்னைக்காயலின் காலம் 16-ஆம் நூற்றாண்டு. முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கடற்கரையில் இருந்த போர்த்துகீசியருக்குத் தூத்துக்குடிக்கு முன்னால் இதுதான் முக்கிய இடம். போர்த்துகீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் 1586-இல் தமிழில் ஒரு பெரிய புத்தகத்தை அச்சடித்ததும் இந்த ஊரில்தான். சென்னையில் அச்சகம் என்ன, சென்னை என்கிற கோட்டையே வராத காலம் அது. ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசிக் கேட்கவில்லை, ஒரு பெயர்ப் பலகை வைக்கலாம்.

"அப்போ அடுத்து புன்னைக்காயலும் உள்ள போயிருமா அண்ணாச்சி?" என்று அத்தான் கிண்டலாகக் கேட்டார். "மண்மேடு இந்த வருசம் அங்க கெடக்கும், அடுத்த வருசம் இங்க கெடக்கும். நாங்க பாத்து ஓட்டிக்கிடுவோம்" என்றார் அவர், சிரிக்காமல். இந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதற்கு மேல் இன்னும் ஏழு. எட்டையும் தாண்டி மிஞ்சுவதுதான் இங்கே வரும், கோடையில் அதுவும் கிடையாது, கடல் உள்ளே ஏறிவிடும். அதே ஆறு 2023 டிசம்பரில் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஏரல் பாலம் உடைந்தது, புன்னைக்காயல் தனித் தீவாகி நின்றது. அண்ணாச்சி அதைப் பற்றி ரெண்டே வார்த்தை பேசிவிட்டு எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் பண்ணினார், நானும் கேட்கவில்லை.

கரைக்கு வந்து, மீன் குழம்புச் சாப்பாடு முடித்து, வண்டியை எடுத்துக்கொண்டு கொற்கைக்குப் போனோம். ஒரு குளம், வெற்றிவேல் அம்மன் கோவில், ஒரு பழைய வன்னி மரம், தொல்லியல் துறை 2021-இல் தோண்டிய இடம். நேராகக் கொற்கைக்கு வருகிறவர்கள் "இதுவா துறைமுகம்?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதனால் படகை முதலில் வைத்துக்கொண்டு கொற்கையைக் கடைசியில் பாருங்கள்.

போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கையோடு கொண்டுபோங்கள், படகில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். காற்று பலமாக அடிக்கிற நாளில் அவர்களே "இன்னைக்கு வேண்டாம்" என்பார்கள், கூடக் காசு தருகிறேன் என்று வம்பு பண்ணாமல் திருச்செந்தூருக்கு வண்டியைத் திருப்புங்கள்.