கிழக்கே போகப் போக வயது குறையும் பாறைகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பாறைப் படுகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். இங்குள்ள அடுக்குகள் கிழக்குப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கில் பழைய அடுக்கு தரைக்கு வருகிறது; கிழக்கே நடக்க நடக்க அதற்கு மேலே படிந்த புதிய அடுக்குகள் ஒவ்வொன்றாகக் காலடியில் வரும். மேற்கே காரை என்ற ஊரில் தொடங்கிக் கிழக்கே நின்னியூரில் முடித்தால் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழமையில் கிளம்பி 6.5 கோடிக்கு வந்து சேர்ந்திருப்போம். புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-ல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்த வரிசைதான் இன்றைக்கும் அடிப்படை.

இந்தப் படிவுகளுக்கு மேற்கு ஓரத்தில் நைஸ், சார்னோகைட் என்ற கடினமான அடித்தளப் பாறைகள் நிற்கின்றன. அவை ஆர்க்கியன் என்ற மிகப் பழைய காலத்தவை, 250 கோடி ஆண்டுக்கும் முந்தியவை. அவற்றின் மேல் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸின் கடல் மண் நேராக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் தொடுகிற கோட்டில் விரலை வைத்தால், விரலுக்குக் கீழே உள்ளதற்கும் மேலே உள்ளதற்கும் 200 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. அவ்வளவு காலமும் ஒன்றும் படியாமல் போயிருக்கலாம். படிந்தது அரித்துப் போயும் இருக்கலாம். பாறை அடுக்கு தொடர்ச்சியான நாட்குறிப்பு அல்ல, கிழிந்த பக்கங்களே அதில் அதிகம்.

காரையில் மழை அறுத்த ஓடைகளும் மொட்டைக் களிமண் மேடுகளும்தான். தரையில் துப்பாக்கித் தோட்டா போல வழவழப்பான தேன்நிறக் குச்சிகள் கிடக்கும். அவை பெலம்னைட், அதாவது கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள்ளோட்டு நுனி. பெலம்னைட் மெருகு கலையாமல் கிடைக்கிற அதே மண்ணில், சுருண்ட ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரான அம்மோனைட் மட்டும் ஏன் பெரும்பாலும் ஓடு இல்லாத உள்வார்ப்பாகவே கிடைக்கிறது? இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் படிக அமைப்பு வேறு. பெலம்னைட் குச்சி கால்சைட், நிலையானது. அம்மோனைட் ஓடு அரகோனைட். நிலத்தடி நீர் அதைச் சுலபமாகக் கரைத்துவிடும். கரைவதற்குள் ஓட்டுக்குள் புகுந்த சேறு இறுகிவிட்டால் ஓட்டின் உட்புற வடிவம் மிஞ்சும். முந்திக் கரைந்தால் எதுவுமே மிஞ்சாது. ஆக, ஓர் அடுக்கில் அம்மோனைட் குறைவு என்றால் கடலிலும் குறைவு என்று உடனே எழுதிவிடக் கூடாது.

காரையில் ஓடுகளுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. மேடுகளின் குறுக்கே பளிச்சென்று ஓடும் ஜிப்சம் இழைகளைப் பார்க்கலாம். ஆக்சிஜன் குறைந்த கடலடிச் சேற்றில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உருவாகிறது. பின்னாளில் காற்றும் நீரும் பட்டதும் அது சிதைந்து கந்தக அமிலம் தருகிறது. அமிலம் சிப்பிகளின் சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாக மாற்றுகிறது. புதைந்தபோது உயிரின் எச்சத்தைக் காத்த அதே வேதியியல், வெளியே வந்ததும் அழிக்கிறது.

ஓடைப் படுகையில் கிடப்பதை அங்கேயே இருந்ததாக எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அது மேலேயிருந்து உருண்டு வந்தது. அதே வகைத் துண்டுகளைப் பின்பற்றி மேட்டில் ஏறுங்கள். துண்டுகள் எந்த உயரத்துக்கு மேல் கிடைக்கவில்லையோ, அந்த உயரத்தை ஒட்டித்தான் மூல அடுக்கு இருக்கும். கையில் எடுக்கும் முன் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஜிபிஎஸ் குறிப்பு, அடுக்கின் சாய்வு, மேலும் கீழும் உள்ள மண்ணின் நிறம், துகள் அளவு எல்லாம் எழுத வேண்டும். அடுக்கின் விவரம் இல்லாத அம்மோனைட் மேசை அலங்காரத்துக்குத்தான் ஆகும். அனுமதி இல்லாமல் எடுக்கவே வேண்டாம், படம் போதும்.

சாத்தனூர் கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம். 1940-ல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது, இப்போது தேசிய புவியியல் நினைவுச்சின்னம். சுற்றிலும் இருப்பவை கடல் படிவுகள். அப்படியானால் மரம் அங்கே வளரவில்லை. ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் விட, ஊறி மூழ்கியிருக்கிறது. மரம் ‘கல்லாக மாறியது’ என்ற பேச்சைக் கொஞ்சம் திருத்த வேண்டும். சிலிக்கா கரைந்த நீர் மரத்தின் செல்களுக்குள் புகுந்து, செல்சுவர்களைப் பற்றிப் படிந்து, உள்வெளியை நிரப்புகிறது. அழுகல் முந்திக்கொண்டால் வெறும் உருவம்தான், உள்ளமைப்பு கிடையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சிப்பிச் சுண்ணாம்பு நுரைக்கும், சிலிக்கா மரம் சும்மா இருக்கும். (நினைவுச்சின்னத்தில் இந்தச் சோதனை கூடவே கூடாது.)

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஆழம் குறைந்த கடலில் குவிந்த தடித்த சிப்பிகள். கால்சைட் ஓடுகள் என்பதால் அப்படியே நின்றன. இன்று சிமெண்ட் ஆகின்றன.

அதற்கும் மேலே கல்லமேடு. கடல் பின்வாங்கி ஆறுகள் மண் கொட்டிய இடம், டைனோசர் எலும்பு கிடைக்கும் அடுக்கு. யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1987-ல் இங்கிருந்துதான் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரை விவரித்தார்கள். பின்னங்காலின் கணைக்கால் எலும்பு (டிபியா) ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்று பதிவு. அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம். எவ்வளவு பெரிய இழப்பு! ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படும் களிமண் வீங்கிச் சுருங்கி எலும்பைச் சில்லு சில்லாக்கிவிடும். அதனால் எலும்பை மட்டும் தனியாக முழுக்கத் தோண்டி வெளியே எடுக்கவே கூடாது. மேற்பரப்பு காய்ந்ததும் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 பிசினை மெல்லியதாகப் பூச வேண்டும். ஈரம் இருக்கும்போது பூசினால் வெள்ளையாகப் பூத்துத் தோலாக உரியும். பிறகு நனைத்த காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டி, அதன் மேல் பிளாஸ்டர் தோய்த்த சாக்குத் துணிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். காகிதத்தை விட்டுவிட்டால் பிளாஸ்டர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது எலும்பின் தோலும் சேர்ந்து வரும். அடியில் மண்ணைக் காளான் தண்டு போல விட்டு, பிளாஸ்டர் இறுகிய பிறகே அறுத்துப் புரட்ட வேண்டும்.

இந்தப் பகுதியில் உருண்டைக் கல் கண்டால் டைனோசர் முட்டை என்று செய்தி பரவுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலானவை கனிமம் சுற்றிச் சுற்றிப் படிந்த திரள்கள். முட்டையென்றால் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் ஓடு தனியாகத் தெரிய வேண்டும், லென்ஸில் மூச்சுத்துளைகள் தெரிய வேண்டும். வெங்காயம் போல உரிந்தால் முட்டை இல்லை.

நின்னியூரில் கடல் திரும்பி வருகிறது, ஆனால் அம்மோனைட் வரவில்லை. சுருண்ட ஓடு கிடைத்தால் அறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் கோட்டைப் பாருங்கள். பெரணி இலை விளிம்பு போல நெளிந்து நெளிந்து போனால் அம்மோனைட். மெல்லிய அலை போல வளைந்தால் நாட்டிலஸ் குடும்பம். நின்னியூரில் கிடைப்பது இரண்டாவது. ஆனாலும் கடைசி அம்மோனைட் கிடைத்த அடுக்கை அழிவின் தேதியாக எழுத முடியாது. நடுவில் இருக்கும் கல்லமேடு ஆற்று மண், கடலில் அம்மோனைட் கோடிக்கணக்கில் நீந்தியிருந்தாலும் அதில் விழுந்திருக்காது. அழிவு நடந்த கணம் அந்த ஆற்று மண்ணின் காலத்துக்குள்ளேயோ அதன் மேல் விளிம்பிலேயோ எங்கோ இருக்கிறது. எந்த அங்குலத்தில் என்று அம்மோனைட்டை மட்டும் வைத்து இங்கே சொல்ல வழியில்லை.