ஓட்டு இல்லாத ஊரில் ஒரு வேலை

தக்கலையிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்த முதல் ஆண்டில், ஓட்டுநர் உரிமத்துக்காக நான் நிரப்பிய படிவத்தில், வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ள விருப்பமா என்றொரு கேள்வி இருந்தது. உரிமம் எடுக்க வருகிறவரிடமே வாக்காளர் பதிவையும் கேட்டு முடித்துவிட வேண்டும் என்பது அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் குடியுரிமை இல்லாதவர் விவரம் அறியாமல் 'ஆம்' என்று குறித்துவிட்டாலும், பிற்காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது பெரும் சிக்கலாகக்கூடும். இதை எனக்கு முன்கூட்டியே சொல்லித்தந்தவர், நூலக வாசலில் மேசை போட்டு அமர்ந்திருந்த ஒரு முதிய பெண்மணி.

அவர் 'லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்' என்னும் அமைப்பின் உள்ளூர்க் கிளையைச் சேர்ந்தவர். அமெரிக்கப் பெண்கள் அனைவருக்குமான வாக்குரிமைத் திருத்தம் நிறைவேறுவதற்கு ஆறு மாதம் முன்பே, 1920 பிப்ரவரியில், புதிதாக வாக்களிக்கப்போகும் பெண்களைப் பழக்குவதற்காக கேரி சாப்மன் கேட் என்பவரின் முன்முயற்சியில் அது சிகாகோவில் தொடங்கப்பட்டது. 1973 முதல் ஆண்களும் அதில் சேரலாம். வாக்காளர் அமைப்பில் வாக்கில்லாத என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நாற்காலி அடுக்க ஆள் வேண்டியிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செப்டம்பரில் வாக்காளர் பதிவு முகாமோடு அவர்களுடைய ஆண்டு தொடங்கும். அக்டோபரில் வேட்பாளர்களை ஒரே மேடையில் அமர்த்துவார்கள். பார்வையாளர்கள் சீட்டில் எழுதித்தரும் கேள்விகளைத் தொகுத்து ஒருவர் வாசிக்க, ஒவ்வொரு வேட்பாளரும் குறித்த நேரத்துக்குள் விடை சொல்ல வேண்டும்; எந்தக் கட்சிக்கும் எந்த வேட்பாளருக்கும் அமைப்பு ஆதரவு தெரிவிப்பதில்லை. முன்வரிசையில் அமர்ந்து மஞ்சள் அட்டையையும் சிவப்பு அட்டையையும் உயர்த்திக் காட்டுவது என் வேலை. ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பின் பின்னால் வளர்ந்த எனக்கு, என் கையிலிருந்த அட்டையைக் கண்டு வேட்பாளர் ஒருவர் பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்தியது நம்ப முடியாத காட்சியாக இருந்தது. பனிக்காலம் பெரும்பாலும் கூட்டக் குறிப்புகளிலேயே கழியும். மே மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை பள்ளிகளின் வரவுசெலவுத் திட்டத்தின் மீது ஊர்மக்களே வாக்களிப்பார்கள் என்பதால், அதற்கு முன் ஒரு விளக்கக் கூட்டம் நடத்துவார்கள்.

என்னை அந்த ஊரோடு உண்மையில் இணைத்தது ஜூலை மாதப் பயணம்தான். ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் செனக்கா ஃபால்ஸ் வந்துவிடும். 1848 ஜூலை 19, 20 நாள்களில் அங்குள்ள வெஸ்லியன் தேவாலயத்தில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டின் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். அந்தப் பெயர்கள் பொறித்த கல் சுவரின் மீது இப்போது தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. 1920இல் வாக்குரிமை வந்தபோது அவர்களில் சார்லட் உட்வர்ட் ஒருவரே உயிரோடிருந்தார். அவராலும் உடல்நலக் குறைவால் வாக்களிக்க முடியவில்லை. அந்தச் சுவரின் முன் நின்றபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர்தான். நாடார் பெண்கள் மேலுடை அணியும் உரிமைக்காக, எங்கள் ஊர் அடங்கிய தென் திருவிதாங்கூரில் 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டமே 1848இல் முடிந்திருக்கவில்லை.

அடுத்த மார்ச்சில், பெண்கள் வரலாற்று மாத நிகழ்வில் அதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். 1859 ஜூலை 26 அன்று மகாராஜா உத்திரம் திருநாள் வெளியிட்ட பிரகடனம் நாடார் பெண்கள் மேலுடை அணிய அனுமதித்தது என்றும், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாது என்னும் நிபந்தனையையும் விட்டுவைத்தது என்றும் விளக்கினேன். கூட்டத்தில் இருந்த மிகச் சில கறுப்பினப் பெண்களில் ஒருவர், 1913இல் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமைப் பேரணியில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்ன கதையை எழுந்து சொன்னார். கொடுப்பதுபோல் கொடுத்து ஓர் ஓரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு நான் விளக்கித் தெரிய வேண்டியதாக இல்லை. அந்த வரலாற்றை இன்றைய உறுப்பினர்கள் மறைப்பதில்லை. ஆயினும் வேலைநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, ஷிஃப்டில் வேலை செய்யும் பெண்கள் ஏன் வருவதில்லை என்று வியப்பது எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது.

சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது இதையெல்லாம் கேட்ட சித்தி, "ஓட்டே இல்லாத ஊருல உனக்கு என்ன மக்களே வேலை?" என்றார். ஆகஸ்ட் 15 அன்று அவர் ஊராட்சியின் கிராம சபைக்கு நானும் உடன் சென்றேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சுய உதவிக் குழுப் பெண்கள். குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்க அவர்கள் காத்திருக்க, மேடையில் ஒருவர் சுதந்திரப் போராட்ட வரலாற்றை அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி என் முழங்கையை இடித்து மெதுவாகக் கேட்டார்:

"அந்தச் சிவப்பு அட்டையக் கொண்டாரல்லியா மக்களே?"