முன் சக்கரம் சுத்துதா? பழைய ஃபோர் வீல் பிக்கப் வாங்கிய அனுபவம்

ஆர்சி இப்போதுதான் என் பெயருக்கு மாறி வந்தது. வண்டி கிடைப்பதற்கு அலைந்ததைவிட அதன் காகிதத்துக்கு அலைந்ததுதான் அதிகம், அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய ஃபோர் வீல் பிக்கப் தேடுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

எங்கள் தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம், காப்பியும் மிளகும். தார் ரோட்டிலிருந்து உள்ளே வரும் மண் பாதை கோடையில் மாருதி 800 கூட வருகிற மாதிரி இருக்கும், ஐப்பசி பிறந்தால் களியாகிவிடும். கொடுமை என்னவென்றால் காப்பிப் பழம் பறிக்கிற நேரமும் அதுதான். சாதாரண பிக்கப் காலியாக மேலே ஏறும்போது பின்பக்கம் எடை இல்லாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுத்தும். ஒவ்வொரு வருஷமும் ஜீப் வாடகை கொடுத்து மாளவில்லை. அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன பிக்கப், செகண்ட் ஹேண்டில், என்று முடிவு செய்தோம்.

நம் ஊரில் இதற்கு இருக்கிற தேர்வுகள் கொஞ்சம்தான். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016ல் வந்தது, அருமையான வண்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்க மனசே வரவில்லை. ஆனால் நீளம் கிட்டத்தட்ட 5.3 மீட்டர். எங்கள் பாதையின் கடைசி வளைவில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பாது, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். டாடா ஸெனான் விற்பனையை நிறுத்தி நாளாகிவிட்டது, சின்ன பாகத்துக்கு யார் மதுரைக்கும் கோவைக்கும் ஓடுவது? ஸ்கார்பியோ கெட்அவேக்கு பாகம் கிடைக்கும், இன்ஜினும் முன்பக்கமும் ஸ்கார்பியோதானே. கடைசியில் பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் என்று நின்றோம். 2.5 லிட்டர் டீசல், சொகுசு என்று சொல்ல எதுவும் கிடையாது, ஆனால் வத்தலக்குண்டில் எந்தப் பட்டறைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்.

புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டி வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தேன். புகையில் வருகிற கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் உள்ள டீசல் வண்டிகளில் அந்தக் கரி எரிந்து தீர நல்ல ரோட்டில் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டணும். நாங்கள் ஓட்டுவது ஃபர்ஸ்ட் கியரும் செகண்ட் கியரும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் செலவு தாங்காது. ஆக, 2020 ஏப்ரலுக்கு முன்னால் விற்ற பிஎஸ்4 வண்டிதான்.

தேட ஆரம்பித்ததும் முதலில் வந்து விழுந்தது ஒரு கெட்அவே, டெல்லி நம்பர், விலை நம்ப முடியாத மலிவு. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று போட்ட தடையால் அங்கிருந்து வண்டிகள் தெற்கே வந்தன. வண்டி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று), இங்கே புது நம்பர், இங்கத்து வரி, அதற்கப்புறம் முதல் ஓனரைத் தேடுவது என்று கணக்குப் போட்டால் மலிவு எல்லாம் கரைந்துவிடும். "டாக்ஸெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார் கன்சல்டிங்காரர் (பழைய வண்டி வாங்கி விற்கிறவர்). யார் பாத்துக்கணும் என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

அடுத்தது வெள்ளைக் கேம்பர், இதைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வேறொரு கன்சல்டிங் கடை, புது டயர், கழுவி மினுமினுவென்று நிறுத்தியிருந்தார்கள். பானட்டில் கையை வைத்தால் சூடு, நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் (காலையில் ஆறின இன்ஜினை நீங்களே செல்ஃப் அடித்துப் பார்க்காமல் எந்த டீசல் வண்டியையும் வாங்காதீர்கள்). லீவரை ஃபோர் வீலுக்குத் தள்ளினார், மீட்டரில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பாத்தீங்களா சார், பக்கா ஃபோர் வீல்."

என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் எதுவும் பேசவில்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனவர், "தம்பி, நீயே வந்து பாரு" என்றார். முன் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டு போகிற புரொப்பல்லர் ஷாஃப்டே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸில் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) அது மாட்டுகிற ஃபிளாஞ்சு மட்டும் மொட்டையாக நின்றது, போல்ட் ஓட்டைகளில் ஒன்றுவிடாமல் குளவி மண்ணை வைத்துக் கூடு கட்டியிருந்தது. எவ்வளவு காலமாகக் கழற்றி வைத்திருப்பார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். விளக்குக்கான சுவிட்ச் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது, லீவர் நகர்ந்தால் அது எரியும், அவ்வளவுதான். முன்பக்கம் ஷாஃப்ட் இருக்கிறதா, முன் சக்கரம் இழுக்கிறதா என்பதெல்லாம் விளக்குக்குத் தெரியாது.

கேட்டால், "டீசல் மிச்சமாகும்னு ஓனர் கழட்டி வச்சார் சார், வீட்ல பத்திரமா இருக்கு" என்கிறார்.

"அப்ப கொண்டாந்து மாட்டிட்டுக் கூப்பிடுங்க, அப்புறம் ரேட்டு பேசலாம்" என்று அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். இன்றுவரை கூப்பிடவில்லை.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழி, தார் ரோட்டை விட்டு மண்ணில் இறக்குவது. சரளைக் கல்லோ உழுத மண்ணோ, கொஞ்சம் ஏற்றமாக இருந்தால் நல்லது. முதலில் சாதாரணமாக ஏற்றி பின் சக்கரம் வழுக்குகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் 4 ஹெச் (சாதாரண வேகத்து ஃபோர் வீல்) போட்டு அதே இடத்தில் ஏற்றுங்கள், வெளியே ஒருவரை நிறுத்தி முன் சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 4 எல் (மெதுவாக, அதிக இழுவையோடு போகிற ஃபோர் வீல்) போட வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்துப் போடணும், போட்டபின் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டாலே வண்டி ஊர்ந்து ஏறணும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்து வளைத்து ஓட்டிக் காட்டுகிற விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள், இந்த மாதிரி வண்டியில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுத்தும்படி பூட்டிக்கொள்ளும், வளைவில் அது வழுக்க வழியில்லாவிட்டால் பல்லும் ஷாஃப்டும்தான் அடி வாங்கும். அதே காரணத்துக்காக நாலு டயரும் ஒரே சைஸா என்று பாருங்கள். முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் போட்டு ஃபோர் வீலில் ஓட்டிய வண்டியை விட்டுவிடலாம்.

முன் டிஃபரன்ஷியலின் (முன் அச்சில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) ஆயில் போல்ட்டைக் கழற்றி ஒரு விரல் விட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள். பால் ஊற்றின டீ மாதிரி ஆயில் வந்தால் ஓடையில் இறங்கித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வண்டியை அதனாலேயே விட்டோம். இன்னொன்றில் எடை தாங்குகிற கமான் பட்டைகளில் ஒன்று மட்டும் புதுசாக மின்னியது. கூடுதல் பட்டை வைத்து அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள், அதற்குப் பக்கத்திலேயே சேசிஸில் வெல்டிங், மேலே புதுக் கருப்பு பெயிண்ட். அடியில் மட்டும் புது பெயிண்ட் அடித்த வண்டியை எனக்கு இப்போது பார்க்கவே பிடிப்பதில்லை.

கடைசியில் கிடைத்தது போடியில், ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவர், நேரடி ஓனர். தோட்டம் இடுக்கிப் பக்கம், அதனால் வண்டி தினமும் மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. எல்லாரும் குறைவாக ஓடின வண்டியைத் தேடுகிறார்கள், ஃபோர் வீலைப் பொறுத்தவரை அது தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. வருஷக்கணக்காகத் தொடாத லீவர் இறுகிப் போயிருக்கும், சீல் காய்ந்திருக்கும். இவர் வண்டியில் லீவர் குமிழ் மேல் இருந்த எழுத்தே தேய்ந்து போயிருந்தது, ஒரு கையால் தள்ளினால் விழுகிறது, திரும்பி வருகிறது. பின் பாடித் தகரம் துரு, சீட் கிழிசல், அதைக் காட்டிப் பேரம் பேசினோம். ரேட்டு ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம்தான் சனி பிடித்தது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் ஹெச்பி (வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு) நீக்கவில்லை. கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியை ஓனர் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார், கீழே பொடி எழுத்தில் மூன்று மாதம் மட்டும் செல்லும் என்று போட்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. புதுசு வாங்கப் போனால் அந்த ஃபைனான்ஸ் கம்பெனி வேறொன்றோடு இணைந்துவிட்டது, பழைய கிளையையே காணோம். மதுரைக் கிளையில் கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, "இந்த லோன் நம்பர் எங்க சிஸ்டத்துல இல்ல, தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்க." மெயிலுக்குப் பதில் வந்தது, கடன் வாங்கியவர் நேரில் போகணுமாம். பாவம், போடிக்காரர் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார், அன்றைக்கு மேனேஜர் லீவு. மறுபடி போனோம், அதே பல்லவி. "லோன் நம்பரை விடுங்க, வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க" என்றேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, எல்லாம் திரையில் வந்து நின்றது. அவர் முகத்தை நான் கொஞ்ச நேரம் ஆசை தீரப் பார்த்தேன்.

அதோடு முடியவில்லை. ஹெச்பி நீக்குவதற்கான படிவம் 35லும் என்ஓசியிலும் புதுக் கம்பெனி பெயர், ஆர்சியில் பழைய பெயர். ஆர்டிஓ ஆபீசில் இரண்டும் ஒன்றுதான் என்பதற்குக் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், மறுபடி மதுரை. உங்கள் வண்டிக்கும் இப்படி இணைந்த கம்பெனி என்றால் அந்தக் கடிதத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஆன்லைனில் பெயர் மாற்றம் போட்டால் ஓடிபி ஓனரின் மொபைலுக்குப் போகும். இவர் வண்டிக்குப் பதிவான நம்பர் முதலில் எடுத்துக் கொடுத்த புரோக்கருடையது. அதை இப்போது வைத்திருப்பவர் வேறு யாரோ ஓர் அம்மா. ஓடிபி சொல்லுங்கள் என்று கேட்டால் யார்தான் சொல்வார்கள், திட்டிவிட்டு வைத்துவிட்டார், அவர் செய்தது சரிதான். ஓனர் நம்பரை மாற்றிப் பதிவு செய்த பிறகே வேலை நகர்ந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஓடிபி யார் போனுக்கு வருகிறது, ஹெச்பி இருக்கிறதா, அபராதம் ஏதும் பாக்கியா, இந்த மூன்றையும் ஓனரை உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள். சேசிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்கிற இடத்தை மண்ணெண்ணெய் போட்டு வீட்டிலேயே துடைத்துக்கொண்டு போங்கள், ஆர்டிஓ வாசலில் ஈரத்துணியோடு குனிந்து நிற்க வேண்டாம்.

மஞ்சள் போர்டு என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்த எடை 3000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, ஆர்சியில் எடையைப் பாருங்கள். ஓட்ட பேட்ஜ் (லைசென்ஸில் தொழில் வண்டிக்கான தனி அனுமதி) வேண்டுமா என்று எல்லாரும் கேட்டார்கள், 7500 கிலோவுக்குள் என்றால் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. எஃப்சிதான் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) செலவு, 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள், பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கிற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதை விலையில் சேர்த்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் எஃப்சி மாசி வரைக்கும் இருக்கிறது. அதற்குள் பின் பாடித் தகரத்தை மாற்றணும். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கம் நியாயமாகச் செய்கிற பட்டறை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.