ரூபன் அமோரிமின் முதல் குளிர்காலம்: ஒரு யுனைடெட் நாட்குறிப்பு

24 நவம்பர் 2024, ஞாயிறு

புதிய மேனேஜர் ரூபன் அமோரிமின் கீழ் மான்செஸ்டர் யுனைடெட்டின் முதல் ஆட்டம்: இப்ஸ்விச் 1, யுனைடெட் 1. இரண்டாவது நிமிடமே அமாட் வலது ஓரமாக ஓடிப் பந்தைக் குறுக்கே தர, ராஷ்ஃபோர்டு காலை நீட்டி கோல் போட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி நழுவியது. 43-வது நிமிடத்தில் ஓமாரி ஹட்சின்சன் அடித்த பந்து மஸ்ராவியின் தலையில் உரசி உள்ளே போனது. கீப்பர் ஒனானா இல்லையென்றால் தோல்விதான்.

அமோரிம் கொண்டுவந்திருப்பது 3-4-2-1. பின்னால் மூன்று சென்டர் பேக், இரண்டு ஓரத்திலும் ஏறி இறங்கி ஆடும் விங்-பேக், நடுவில் இருவர், அவர்களுக்கு முன்னால் இரண்டு 10-ம் எண்காரர்கள், நுனியில் ஒரு ஸ்ட்ரைக்கர். இன்று வலது விங்-பேக் அமாட், இடது விங்-பேக் டாலோ, நடுவில் கசெமிரோவும் எரிக்சனும். ஒருவருக்கு வயது 32, இன்னொருவருக்கும் 32. இந்த முறையில் மிக அதிகமாக ஓட வேண்டிய இடம் அதுதான்.

போன வாரம் பாதிக்கு மேற்பட்ட வீரர்கள் தத்தம் நாட்டு அணிகளோடு இருந்தார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ளும்படி நாள் கிடைக்கவில்லை. இதை வைத்து மேனேஜரை எடைபோடுவது அநியாயம்.

1 டிசம்பர், ஞாயிறு

எவர்டனுக்கு எதிராக 4-0. ராஷ்ஃபோர்டு 2, ஸிர்க்ஸீ 2. ரசிகர்களிடம் ஒரே கொண்டாட்டம். சில கோல்கள் எப்படி வந்தன என்பதைக் கவனித்தால் கொஞ்சம் நிதானிக்கத் தோன்றும். எவர்டன் தன் பாதியில் பந்தை வைத்துத் தடுமாறியபோது அமாடும் புரூனோவும் பாய்ந்து பிடுங்கினார்கள். எதிரணி பின்னாலிருந்து பொறுமையாக ஆட முயன்று தவறினால் இந்த முறைக்கு விருந்து. எதிரணி அப்படி ஆடாமல் பந்தை யுனைடெட்டிடமே விட்டுவிட்டுக் காத்திருந்தால் என்ன செய்வார்கள் என்பது இன்னும் தெரியவில்லை.

புயல் வரும் என்று அமோரிமே சொல்லியிருக்கிறார். வெற்றிக்குப் பிறகு அப்படிச் சொல்லும் மேனேஜர்கள் குறைவு.

7 டிசம்பர், சனி

நான்கு நாளில் இரண்டு தோல்வி. புதன்கிழமை ஆர்சனலிடம் 0-2, இரண்டு கோலும் கார்னரிலிருந்து. இன்று சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் நாட்டிங்காம் ஃபாரஸ்டிடம் 2-3. இரண்டாவது நிமிடத்தில் கார்னர், மிலென்கோவிச்சின் தலை, கோல். இரண்டாம் பாதி தொடங்கி பத்து நிமிடத்துக்குள் மேலும் இரண்டு.

ரசிகர்களுக்குள் சண்டை ஆரம்பமாகிவிட்டது. ஒரு தரப்பு, இந்த ஆட்களை வைத்து மூன்று சென்டர் பேக் ஆட்டம் ஆட முடியாது, பழைய 4-2-3-1-க்கே போ என்கிறது. இன்னொரு தரப்பு 2016-ன் செல்சி மேனேஜர் கோன்டேவை இழுக்கிறது. ஆர்சனலிடம் 0-3 தோற்றதும் செல்சியை மூன்று சென்டர் பேக் முறைக்கு மாற்றினார், அடுத்து லீக்கில் தொடர்ச்சியாக 13 வெற்றி, பட்டமும் வந்தது என்கிறார்கள்.

கோன்டே உதாரணம் பாதிதான் பொருந்தும். அந்த சீசனில் செல்சிக்கு ஐரோப்பியப் போட்டி கிடையாது. வாரம் முழுக்கப் பயிற்சி. நடுவில் கான்டே என்ற ஒருவர் இரண்டு பேர் வேலையைப் பார்த்தார். இடது ஓரத்தில் அலோன்சோ, இயல்பான இடது காலுடன் ஏறி இறங்குபவர். யுனைடெட்டில் இந்த மூன்றில் எதுவும் இல்லை.

15 டிசம்பர், ஞாயிறு

மான்செஸ்டர் சிட்டி 1, யுனைடெட் 2, சிட்டியின் எதிஹாட் மைதானத்தில். 88-வது நிமிடத்தில் புரூனோவின் பெனால்டி, 90-ல் அமாட். இரண்டுமே அமாடின் விடாப்பிடியால் வந்தவை. இரண்டாவது கோலில், மார்டினெஸ் பின்னாலிருந்து தூக்கிப் போட்ட பந்தை, கீப்பர் எடர்சன் ஓடி வருவதற்குள் ஒரு தொடுதலில் மேலே தட்டி, குறுகிய கோணத்திலிருந்து உள்ளே தள்ளினார்.

ராஷ்ஃபோர்டும் கர்னாச்சோவும் அணியிலேயே இல்லை. பயிற்சியில் காட்டும் உழைப்பைப் பார்த்துத்தான் தேர்வு என்று வெளிப்படையாகக் காட்டிவிட்டார். இந்த முடிவில் நான் முழுக்க அமோரிம் பக்கம். அதே சமயம் சிட்டியின் கோல் மறக்கக் கூடாதது. சின்னதாக எடுத்த கார்னர், டி பிராய்னின் கிராஸ், க்வார்டியோலின் தலை. மறுபடியும் கார்னர்.

22 டிசம்பர், ஞாயிறு

வியாழன் லீக் கோப்பையில் ஸ்பர்ஸிடம் (டாட்டன்ஹாம்) 3-4. இன்று வீட்டில், அதாவது சொந்த மைதானத்தில், போர்ன்மௌத்திடம் 0-3. முதல் கோல் ஃப்ரீ கிக், ஹாய்சனின் தலை.

ஸ்பர்ஸ் ஆட்டத்தில் சன் கார்னரிலிருந்தே நேராக கோல் போட்டார். பந்து யாரையும் தொடாமல் வளைந்து தூரக் கம்பத்துப் பக்கம் இறங்கியது. கீப்பர் பாயிந்திர் தடுக்கப்பட்டார் என்று ஃபவுல் கேட்டார்கள். கேட்டுப் பயனில்லை, அந்த அளவு இடிபாட்டை இங்கிலாந்தில் நடுவர்கள் கண்டுகொள்வதில்லை. முன்கூட்டியே செய்ய வேண்டியது வேறு. கோலை நோக்கி உள்ளே வளையும் கார்னர் வரும் என்று தெரிந்தால், கீப்பருக்கு ஒரு அடி முன்னால் நம்முடைய பலசாலி ஒருவர் நிற்க வேண்டும். எதிரணி ஆள் கீப்பரை உரசி நிற்கும்போது அந்த ஆளை விலக்கிப் பாதை திறப்பது இவர் வேலை. அணியிலேயே நன்றாகத் தலையால் முட்டுபவர், மக்வயர் இருந்தால் மக்வயர், அருகுக் கம்பத்தின் ஆறு கஜக் கோட்டு மூலையில். தூரக் கம்பத்தில் ஒருவர். கீப்பர் கோல் கோட்டிலேயே ஒட்டி நிற்காமல் அரை கஜம் முன்னே. கார்னர் அடிக்கப்பட்டதுமே வருவதா நிற்பதா என்று முடிவெடுத்துவிட வேண்டும், பாதி தூரம் வந்து தயங்கினால் போச்சு. இதற்குப் பெரிய ஆள் வாங்கத் தேவையில்லை, காலையில் அரை மணி நேரம் ஒத்திகை போதும். புது ஃபார்மேஷன் என்பதற்காக மேனேஜருக்குச் சலுகை தரலாம், கார்னர் விஷயத்தில் சலுகை கிடையாது. இது முழுக்க அவரும் அவருடைய உதவியாளர்களும் பதில் சொல்ல வேண்டிய குறை.

26 டிசம்பர், வியாழன்

வுல்வ்ஸ் 2, யுனைடெட் 0. 47-வது நிமிடத்தில் புரூனோவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. 58-ல் குன்யா கார்னரிலிருந்து நேராக கோல். ஒரே வாரத்தில் இரண்டாவது முறை. கீப்பர் மட்டும் வேறு, இன்று ஒனானா.

30 டிசம்பர், திங்கள்

நியூகாசிலிடம் வீட்டில் 0-2. இந்த மாதத்தின் ஆறாவது தோல்வி. இன்றைய முதல் அரை மணி நேரம் தெளிவான பாடம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

புரூனோவும் உகார்தேயும் தடையில். நடுவில் மீண்டும் கசெமிரோ, எரிக்சன். எதிரே கிமராயிஷ், டொனாலி, ஜோலிண்டன், மூன்று பேரும் ஓடத் தயங்காதவர்கள். மூன்றுக்கு இரண்டு. முன்னே இருக்கும் மூவர் பந்தைத் துரத்தி மேலே போகும்போது நடுவில் இருப்பவர்களும் கூடவே ஏற வேண்டும். ஏறவில்லை, ஏறும் வேகம் இல்லை. முன்வரிசைக்கும் அவர்களுக்கும் நடுவே மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. அந்த இடத்தில் டொனாலி பந்தை வாங்கித் திரும்புகிறார். உடனே கசெமிரோவோ எரிக்சனோ அவரை நோக்கி ஓட, அவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தனியாக நிற்கிறார். இதைச் சரிசெய்ய ஓரத்து சென்டர் பேக் மேலே வருகிறார், அவர் வந்த இடம் காலி, விங்-பேக் உள்ளே இழுபடுகிறார், ஓரம் திறந்துவிடுகிறது. அந்த ஓரத்திலிருந்து ஹால் தந்த கிராஸை நாலாவது நிமிடத்தில் ஈசாக் தலையால் முட்டினார். 19-ல் கோர்டனின் கிராஸ், ஜோலிண்டன் தலை. கிராஸைத் தடுக்கவில்லை என்று ஓரத்துக்காரர்களைத் திட்டுகிறார்கள். ஓட்டை நடுவில் தொடங்கியது.

33-வது நிமிடத்தில் ஸிர்க்ஸீயை எடுத்துவிட்டு மைனூவை இறக்கினார். சொந்த ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள், பையன் நேரே சுரங்கப் பாதைக்குள் போய்விட்டு, பிறகு பெஞ்சுக்குத் திரும்பி வந்தான். மாற்றம் சரி, மைனூ வந்ததும் நடுவில் மூன்றாவது ஆள் கிடைத்து ஆட்டம் சமநிலைக்கு வந்தது. அந்தக் கைதட்டல் சரியில்லை. நடுவில் ஆள் குறைவு என்பது ஸிர்க்ஸீயின் குற்றம் அல்ல, பதினொருவரைத் தேர்ந்தெடுத்தவரின் கணக்குப் பிழை.

டிசம்பரில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து வாங்கிய கோல்கள் 18. ஆர்சனல் 2, மிலென்கோவிச், க்வார்டியோல், சன், ஹாய்சன், குன்யா என்று பந்தை நிறுத்தி வைத்து எடுத்த அடியிலிருந்தே குறைந்தது 7.

லீக்கிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் ஆபத்து இருக்கிறது என்று மேனேஜரே சொல்லிவிட்டார். நேர்மைதான். ஓய்வறையில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஆட்களுக்கு அது உதவுமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

1 ஜனவரி 2025, புதன்

ஆட்டம் இல்லாத நாள், கேள்விக்கு வருவோம். போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணியில் வென்ற மனிதர் இங்கே ஏன் திணறுகிறார்?

2020 மார்ச்சில் அங்கே போனார். 2020-21-ல் 19 ஆண்டுக்குப் பிறகு ஸ்போர்ட்டிங்கிற்கு லீக் பட்டம். அந்தச் சீசனில் நடந்த ஒன்று இந்த விவாதத்தில் யாரும் பேசாதது. 2020 அக்டோபர் 1 அன்று சொந்த மைதானத்தில் ஆஸ்திரியாவின் லாஸ்க் அணியிடம் 1-4 தோற்று ஐரோப்பியப் போட்டியிலிருந்து வெளியேறினார்கள். அன்று அவமானம், ஆனால் அதன் பலனாக வார நடுவில் ஆட்டமில்லை, முறையைப் பழக்க நாட்கள் கிடைத்தன.

இங்கே நவம்பர் 24 முதல் டிசம்பர் 30 வரை 37 நாளில் 11 ஆட்டம். ஆட்டத்துக்கு மறுநாள் ஆடியவர்களுக்கு உடம்பைத் தேற்றும் வேலை மட்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் கனமாக எதுவும் வைக்க முடியாது. மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்றால் நடுவில் மிஞ்சுவது ஒரு நாள், அதில் பாதி பயணம். எதிரணி பேக் பந்தை வாங்கும்போது எந்த 10-ம் எண்காரர் பாய்வது, எப்போது விங்-பேக் ஏறுவது, எப்போது ஓரத்து சென்டர் பேக் பின்தொடர்வது என்பதெல்லாம் கரும்பலகையில் புரியும், காலில் வர நூறு தடவை ஓடிப் பழக வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் முழுச் சங்கிலியும் அறும்.

இன்னொன்று இடது விங்-பேக். ஷா, மலாசியா இருவரும் நீண்ட காயத்திலிருந்து வந்தவர்கள். அதனால் டாலோ. நல்ல வீரர், வலது கால்காரர். இடது ஓரத்தில் பந்து வந்ததும் வலது காலுக்கு மாற்ற ஒரு தொடுதல் கூடுதலாக எடுக்கிறார். அதற்குள் எதிரணி பேக் வந்து நிற்கிறார், பந்து பின்னே திரும்புகிறது. யுனைடெட்டின் தாக்குதல் வலது பக்கமே சாய்ந்து கிடப்பது இதனால்தான்.

1989 டிசம்பரில் யுனைடெட்டின் அப்போதைய மேனேஜர் ஃபெர்குசனையும் போகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள் என்ற பேச்சும் வருகிறது. உண்மை. ஆனால் அப்போது ஃபெர்குசன் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஏழு வாரம் ஆனவருக்கு அதைக் கவசமாகக் கொடுப்பதும் தவறு, அதை வைத்து அடிப்பதும் தவறு.

5 ஜனவரி, ஞாயிறு

லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 2-2! நடுவில் உகார்தே, மைனூ. அவ்வளவுதான் பெரிய மாற்றம். அதே 3-4-2-1, அதே டாலோ இடது ஓரத்தில், ஆனால் நடுவில் ஓடும் கால்கள். லீக்கின் முதலிடத்து அணி இடைவெளி தேடிக்கொண்டே இருந்தது. மார்டினெஸ் 52-ல், அமாட் 80-ல். கடைசி நிமிடங்களில் மக்வயர் எளிதான வாய்ப்பை மேலே அடிக்காமல் இருந்திருந்தால் வெற்றியே.

16 ஜனவரி, வியாழன்

ஞாயிறு எஃப்ஏ கோப்பையில், டாலோ வெளியேற்றப்பட்டு பத்துப் பேரோடு ஆர்சனலை பெனால்டியில் வென்றார்கள். பாயிந்திர் ஒடேகாரின் பெனால்டியையும், முடிவு ஷூட்-அவுட்டில் ஹாவர்ட்ஸின் அடியையும் பிடித்தார். இன்று எதிரே சவுத்தாம்ப்டன், கடைசி இடத்து அணி. 82 நிமிடம் வரை 0-1, மறுபடி கார்னரில் உகார்தேயின் சொந்த கோல். அப்புறம் அமாட் 12 நிமிடத்தில் மூன்று.

19 ஜனவரி, ஞாயிறு

பிரைட்டனிடம் வீட்டில் 1-3. யுனைடெட் வரலாற்றிலேயே மிக மோசமான அணியாக இருக்கலாம் நாம் என்றார் அமோரிம். லீக்கில் அவர் கீழ் 11 ஆட்டம்: 3 வெற்றி, 2 சமம், 6 தோல்வி. 33-க்கு 11 புள்ளி.

பிடிவாதம் என்ற குற்றச்சாட்டு இன்று உச்சத்தில். முறையை மாற்றினால் ஆறு மாதம் கழித்து மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற அவர் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் முறையை மாற்றாமலே செய்யக்கூடிய சில்லறைத் திருத்தங்கள் உண்டு. வீட்டில் இரண்டாவது 10-ம் எண்காரருக்குப் பதில் ஒரு மிட்ஃபீல்டர், முன்வரிசை பத்து கஜம் பின்னே இறங்கிக் காத்திருப்பது. ஆன்ஃபீல்டில் இரண்டாவதைச் செய்தார். சொந்த மைதானத்தில் அதைச் செய்யக் கூச்சப்படுகிறார் போலும்.

3 பிப்ரவரி, திங்கள்

நேற்று கிரிஸ்டல் பேலஸிடம் வீட்டில் 0-2, மடேட்டா இரண்டும். லீக்கில் வீட்டில் 13 ஆட்டத்தில் ஏழாவது தோல்வி. 24 ஆட்டத்தில் 29 புள்ளி, 13-ம் இடம்.

ஃபார்மேஷனைக் குறைசொல்பவர்கள் நேற்றைய எதிரணியைக் கவனித்தார்களா? கிளாஸ்னரின் பேலஸும் 3-4-2-1 தான். ஓரங்களில் முன்யோஸ், மிட்செல், இருவரும் தத்தம் இயல்பான காலுள்ள பக்கத்தில். 10-ம் எண்களில் எஸே, சார். நுனியில் முதுகைக் கொடுத்துப் பந்தைத் தாங்கும் மடேட்டா. இரண்டாவது கோலுக்குப் பந்து தந்தது வலது விங்-பேக் முன்யோஸ், 89-வது நிமிடத்திலும் அந்த ஓட்டம். எதிரே யுனைடெட் ஹோய்லுண்டையும் ஸிர்க்ஸீயையும் பெஞ்சில் வைத்துவிட்டு மைனூவை நுனியில் நிறுத்தியது. பந்தைத் தாங்கவும் ஆளில்லை, பேக்குகளுக்குப் பின்னால் ஓடவும் ஆளில்லை. இது அமோரிம் தானே தேடிக்கொண்ட தொல்லை.

ட்ரான்ஸ்ஃபர் கதவு இன்று மூடுகிறது. ராஷ்ஃபோர்டு வில்லாவுக்கு, ஆன்டனி பெத்திஸுக்கு. வந்தவர்களில் முக்கியமானவர் லெச்சேயிலிருந்து பாட்ரிக் டோர்கு, வயது 20, டென்மார்க்காரர், இடது கால் விங்-பேக். ஸ்ட்ரைக்கர் வரவில்லை. மார்டினெஸ் நேற்று ஸ்ட்ரெச்சரில் போனார், ஆக முக்கியமான இடது கால் சென்டர் பேக்கும் இப்போது இல்லை.

அடுத்த லீக் ஆட்டம் 16-ம் தேதி, ஸ்பர்ஸ் மைதானம். டோர்கு இறங்கினால் இடது ஓரத்தில் முதல் தொடுதல் எந்தப் பக்கம் போகிறது, அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார், நடுவில் உகார்தேயோடு யார் என்று பாருங்கள். ஸ்பர்ஸின் முதல் கார்னர் வரும்போது கீப்பருக்கு முன்னால் யாராவது நிற்கிறாரா என்றும்.