இரண்டாவது டைவில்தான் தெரியும்

ஸ்கூபா பயிற்சியை இப்போதுதான் முடித்தவர்கள் பயிற்றுநர்களான எங்களிடம் அதிகம் கேட்பது, "எந்த டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்றுதான். ஒரு மாடல் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அது உதவியாகாது. நாளின் முதல் டைவில், 18 மீட்டருக்குள், நல்ல தயாரிப்பு எதை மணிக்கட்டில் கட்டினாலும் பெரிய வேறுபாடு தெரியாது. எல்லாமே ஆழத்தையும் ஓடிய நேரத்தையும் மிச்சமிருக்கும் நோ-டிகோ நேரத்தையும் (வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர, இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்பதையும்) காட்டும். வேறுபாடு தெரிவது இரண்டாவது டைவில், பயணத்தின் மூன்றாவது நாளில், பிறகு நீங்கள் ஒரு தவறு செய்யும் நிமிடத்தில். அந்த நேரங்களில் இந்தக் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் உங்கள் உடலை அளப்பதில்லை. அதற்குத் தெரிந்தவை வெளி அழுத்தம், நேரம், நீங்கள் பதிந்து வைத்த வாயு ஆகியவைதான். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பார் கூடும், நைட்ரஜன் அதிகமாகத் திசுக்களில் கரையும். எவ்வளவு கரைந்திருக்கும் என்பது கணித ஊகம். 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலை 5, 10, 20, 40, 75 நிமிட அரை நேரங்கள் (நைட்ரஜன் பாதி அளவு நிரம்ப ஆகும் நேரம்) கொண்ட ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்தார். பின்னாளில் சூரிச்சில் ஆல்பர்ட் ப்யூல்மன் அதை 16 திசுக்களாக விரித்தார். அவற்றில் மிக மெதுவானதன் அரை நேரம் 635 நிமிடம். மூன்றாவது நாளில் உங்கள் நோ-டிகோ நேரம் சுருங்குவதற்குப் பின்னால் இந்த மெதுவான திசுக்களும் இருக்கின்றன. ஒரு இரவு ஓய்வில் அவை முழுதாகக் காலியாவதில்லை. நீங்கள் சரியாகத் தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினீர்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ஆழத்துக்கு எத்தனை நிமிடம் என்று அச்சிட்ட பழைய அட்டவணையைவிட கம்ப்யூட்டர் ஏன் மேல்? ரெக்ரியேஷனல் டைவ் பிளானர் அட்டவணை 18 மீட்டருக்கு 56 நிமிடம் தருகிறது. அங்கே நீங்கள் ஐந்து நிமிடமே இருந்து, மீதி நேரத்தை 10 மீட்டரில் கழித்தாலும், முழு டைவையும் 18 மீட்டராகவே அது எண்ணும். கம்ப்யூட்டர் சில நொடிகளுக்கு ஒருமுறை உண்மையான ஆழத்தை எடுத்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே வரும். கிடைக்கும் கூடுதல் நேரம் அதனால்தான். பழைய அட்டவணை கொடுத்த தாராளமான பாதுகாப்பு இடைவெளி குறைவதும் அதனால்தான்.

அல்காரிதம், அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் போடும் முறை, என்றதும் பலர் மிரண்டுவிடுகிறார்கள். புதியவருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். இன்று அதிகம் கிடைப்பவை இரண்டு வகை: ப்யூல்மன் மாதிரியில் கிரேடியன்ட் ஃபேக்டர் (அதன் எல்லையை எவ்வளவு நெருங்கலாம் என்று சொல்லும் சதவீதம்) சேர்த்தவை, ஆர்ஜிபிஎம் என்னும் குமிழி மாதிரியைத் தழுவியவை. முதல் வகையில் 40/85 போல இரண்டு எண்கள் வரும். முதல் எண், டிகம்ப்ரஷன் (சுருக்கமாக டிகோ: நைட்ரஜன் வெளியேற வழியில் நின்று மேலே வருவது) தேவைப்பட்டால் முதல் நிறுத்தம் எவ்வளவு ஆழத்தில் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவது எண், மேற்பரப்புக்கு வரும்போது ப்யூல்மன் எல்லையின் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்பது. டிகோ எல்லைக்குள்ளேயே டைவ் செய்பவரின் நோ-டிகோ நேரத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான். 95 என்றால் தாராளம், 75 என்றால் கண்டிப்பு. ஆர்ஜிபிஎம் வகைகள் அடுத்தடுத்த டைவுகள், குறுகிய இடைவேளை, வேகமான ஏற்றம் ஆகியவற்றுக்குக் கூடுதல் தண்டனை கொடுப்பதுண்டு. எனவே காலையில் ஒத்துப்போன இரண்டு கம்ப்யூட்டர்கள் மதியம் ஒரே ஆழத்தில் வேறு வேறு நிமிடங்களைக் காட்டும். இரண்டுமே பழுதில்லை. ஜோடியில் கண்டிப்பானது எதுவோ அதன்படி இருவரும் ஏற வேண்டும். வாங்குமுன் உங்கள் வழக்கமான துணை எதைக் கட்டுகிறார் என்று கேட்டுக்கொண்டால் தண்ணீருக்கடியில் இந்தத் தகராறு வராது.

நாங்கள் அதிக நேரம் செலவழித்து விளக்குவது திரையைத்தான். கடையில் அழகாகத் தெரியும் திரை பெரும்பாலும் டெமோ திரை. பார்க்க வேண்டியது, நோ-டிகோ நேரம் தீர்ந்த பிறகு அதே திரை எப்படி மாறுகிறது என்பது. எளிய எல்சிடி திரைகள் பலவற்றில், நோ-டிகோ நிமிடங்கள் இருந்த அதே கட்டத்தில் இப்போது நிறுத்த ஆழமோ, மேலேற ஆகும் மொத்த நேரமோ வந்து உட்காரும். அறிகுறி ஓர் அம்புக்குறியோ சிறிய எழுத்தோ மட்டும்தான். புதிய டைவர் அங்கே 7 என்று கண்டால், "இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது" என்று நிம்மதியாகப் பவளப்பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உண்மையில் அது மேலேற ஆகும் ஏழு நிமிடம், அவர் கீழே இருக்க இருக்கக் கூடிக்கொண்டே போகும். எண் குறைய வேண்டிய இடத்தில் கூடினால் உடனே சந்தேகப்பட வேண்டும். வாங்குமுன் கையேட்டில் டிகோ திரையின் படத்தைத் தேடி, இந்த மாற்றம் ஒரே பார்வையில் புரிகிறதா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சேஃப்டி ஸ்டாப்பையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது பரிந்துரை. காற்று தீரும் நிலையில் அதைத் தவிர்த்து மெதுவாக மேலே வரலாம். டிகோ நிறுத்தம் அப்படியல்ல, கட்டாயம். இரண்டையும் தெளிவாக வேறுபடுத்திக் காட்டும் திரையே புதியவருக்கு ஏற்றது. அலை தூக்கி இறக்கும்போது ஸ்டாப் கடிகாரம் நின்றுவிடுகிறதா, ஓடுகிறதா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். நின்றுவிட்டால் பதறாமல் ஆழத்தைத் திரும்பப் பிடித்தால் போதும்.

வண்ணத் திரைகள் கலங்கிய நீரிலும் இரவிலும் மிகத் தெளிவாகத் தெரியும், பேட்டரியையும் அதிகம் தின்னும். சாதாரண எல்சிடி வெயிலில் நன்றாகத் தெரியும். இருட்டில் பட்டனை அழுத்தி வெளிச்சம் போட வேண்டும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயதினருக்கு எண்ணின் அளவு எல்லாவற்றையும்விட முக்கியம். கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கை நீட்டிப் படித்துப் பாருங்கள். பட்டன்களையும் கையுறை போட்டு அழுத்திப் பாருங்கள். ஒரே பட்டன் உள்ள மாடலில் ஒரு தேர்வைத் தாண்டிவிட்டால் பட்டியல் முழுவதையும் மறுபடி சுற்றி வர வேண்டியிருக்கும்.

நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) பயிற்சி எடுக்காதவரும் நைட்ராக்ஸ் வசதியுள்ளதையே வாங்கலாம். இப்போது அடிப்படை மாடல்களிலேயே அது இருக்கிறது. ஆனால் டைவுக்குப் பிறகு அந்த அமைப்பு என்னவாகிறது என்று கேளுங்கள். சில மாடல்கள் பதிந்து வைத்த 32 சதவீத ஆக்ஸிஜனை அப்படியே நினைவில் வைத்திருக்கும். அடுத்த டேங்க் சாதாரணக் காற்று என்றால், கம்ப்யூட்டர் உண்மையைவிடக் குறைவான நைட்ரஜனைக் கணக்கிட்டுக் கூடுதல் நிமிடங்களைத் தாராளமாகக் காட்டும். வேறு சில, அமைப்பை மறுபடி உறுதி செய்யாவிட்டால் ஆக்ஸிஜன், நைட்ரஜன் இரண்டுக்குமே மிக மோசமான நிலையை எண்ணிக் கணக்கைப் போட்டு டைவைச் சுருக்கிவிடும். எதுவானாலும் டேங்க் மாற்றும்போதெல்லாம் அந்த எண்ணைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தத்துக்கான 1.4 பார் எல்லையில் 32 சதவீதக் கலவைக்கு 33 மீட்டரும், 36 சதவீதத்துக்கு 28 மீட்டரும்தான் அதிகபட்ச ஆழம்.

தவறு நடந்தால் என்ன ஆகும்? பல கம்ப்யூட்டர்களில் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறினால் எச்சரிக்கை வரும். கட்டாய நிறுத்தத்தைத் தாண்டி மேலே வந்துவிட்டால் பல மாடல்கள் 24 அல்லது 48 மணி நேரம் பூட்டிக்கொண்டு ஆழத்தையும் நேரத்தையும் மட்டுமே காட்டும். சில பூட்டாமல் கணக்கைத் தொடரும். பூட்டிக்கொள்வது எரிச்சலான விஷயம் என்று அந்த மாடல்களை ஒதுக்குபவர்கள் உண்டு. எங்கள் கருத்தில், அந்த நிலைக்கு வந்தவர் எப்படியும் அன்று மறுபடி இறங்கக் கூடாது, எனவே புதியவருக்கு அது குறையல்ல. ஆனால் இன்னொரு பூட்டு இருக்கிறது: கேஜ் முறையை (நைட்ரஜன் கணக்கில்லாமல் ஆழமும் நேரமும் மட்டும் காட்டும் முறை) விளையாட்டாகப் போட்டு ஒரு டைவ் செய்தால், சில கருவிகள் அதற்குப் பிறகு நெடுநேரம் ஸ்கூபா முறைக்குத் திரும்பாது. பயணத்தின் முதல் நாளிலேயே அப்படிக் கெடுத்துக்கொள்பவர்கள் குறைவில்லை.

காற்றழுத்தத்தைத் திரையிலேயே காட்டும் டிரான்ஸ்மிட்டர் வசதி முதல் கம்ப்யூட்டருக்கு அவசியமில்லை. எடுப்பதானால், அது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (ரெகுலேட்டரில் டேங்கோடு இணையும் பகுதி) ஹை-பிரஷர் துளையில்தான் பொருத்தப்பட வேண்டும். அதன் பேட்டரியும் ஒருநாள் தீரும், சிக்னலும் இடையிடையே அறுபடும், எனவே சாதாரண பிரஷர் கேஜைக் கழற்றிவிடாதீர்கள். டேங்கைத் தூக்கும் அவசரத்தில் டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடியாகப் பிடித்து உடைப்பது அடிக்கடி நடக்கிறது.

பேட்டரி விஷயத்தில் நாங்கள் கறாராகவே சொல்வோம். ரீசார்ஜ் வகை, சார்ஜ் போடும் வசதி நிச்சயமாக உள்ளவருக்கு. பல நாள் படகில் கழிப்பவருக்கு சிஆர்2450 போன்ற, தானே மாற்றிக்கொள்ளக்கூடிய பேட்டரி நிம்மதி. மாற்றும்போது முதலில் கருவியை நல்ல தண்ணீரில் கழுவி முழுக்க உலர்த்துங்கள். மூடியைத் திறந்ததும் பள்ளத்தில் முடி, மணல், துணி நூல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே ஒரு முடி போதும், தண்ணீர் உள்ளே வர. தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, கையேடு சொன்னால் மட்டும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் அதுவே தூசியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு டைவுகளுக்கு நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். சில மாடல்கள் பேட்டரியைக் கழற்றியதும் உடலில் மிச்சமுள்ள நைட்ரஜன் கணக்கை மறந்து, உங்களைப் புத்தம்புதிய ஆளாக எடுத்துக்கொள்ளும்.

இதே காரணத்தால்தான் கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது, வாடகைக்கு எடுத்தாலும் பயணம் முழுக்க ஒரே கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். மதியம் கையில் வரும் வேறொரு கம்ப்யூட்டருக்கு உங்கள் காலை டைவ் தெரியாது. நேற்று வேறொருவர் கட்டியிருந்தால் அவருடைய நைட்ரஜன்தான் அதன் நினைவில் இருக்கும்.

வெட்சூட் ஆழத்தில் நசுங்குவதால் கரையில் இறுக்கமாக இருந்த ஸ்ட்ராப் கீழே தளர்ந்துவிடும். ரப்பர் ஸ்ட்ராப்போ பஞ்ஜி கயிறோ போட்டால் தானே இழுத்துக்கொள்ளும். டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். பிரஷர் சென்சார் துளையில் உப்பு படிந்தால் ஆழம் பிசகும். ஊசியால் குத்துவதும், டேங்க் காற்றைப் பீய்ச்சி ஊதுவதும் சென்சாரையே கெடுத்துவிடும். நீரைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும் உலோகத் தொடுமுனைகளில் உப்போ ஈரமோ ஒட்டியிருந்தால் கருவி டைவ் முறையிலேயே விழித்திருந்து பேட்டரியைத் தீர்க்கும்.

டைவுக்குப் பிறகு விமானம் ஏறக் கூடாத நேரத்தைக் காட்டும் விமானக் குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில கருவிகள் மொத்தமாக 24 மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும், சில அல்காரிதத்தின்படி கணக்கிட்டுக் குறைவாகவும் காட்டும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை, ஒற்றை நோ-டிகோ டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், பல டைவுகளுக்கோ பல நாட்களுக்கோ பிறகு 18 மணி நேரம். திரையும் பரிந்துரையும் மாறுபட்டால் நீளமானதை எடுங்கள்.

வாங்கி வந்ததும் கரையிலேயே பிளான் முறையைத் திறந்து 12, 18, 24, 30 மீட்டருக்கு எத்தனை நிமிடம் தருகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் டைவ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அதே நான்கு ஆழங்களை மறுபடி பாருங்கள். கண்டிப்பு அமைப்பை ஒரு படி மாற்றி மூன்றாவது வரிசையையும் எழுதுங்கள். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் குறைந்தது என்பதை உங்கள் துணையின் கம்ப்யூட்டரோடு படகிலேயே ஒப்பிட்டுவிட்டு, யாருடைய எண்ணின்படி ஏறுவது என்று முடிவு செய்துகொண்டு இரண்டாவது டைவுக்கு இறங்குங்கள்.