இண்டென்ட் போட்டால்தான் சாமான்

செப்டம்பர் 24, 2025, புதன்

ஊட்டிக்குக் கிளம்ப இன்னும் எட்டு நாள். அப்பா அதற்குள் நீள நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டார். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே இண்டென்ட், அதாவது சாமான் கேட்கும் சீட்டு, போட்டால்தான் எதுவும் கிடைக்கும். வரிசை எண், பொருள், எண்ணிக்கை, எந்தப் பை, பெற்றவர் கையொப்பம் என்று ஐந்து பத்தி. மூன்று நாள் ஊட்டிக்குக் கையொப்பம் எதற்கு என்று கேட்டேன்.

"சாமான் காணோம்னா அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது?"

2ஆம் தேதி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். 3ஆம் தேதி காலை மேட்டுப்பாளையம். இரண்டு இரவு ஊட்டி. 5ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு மலை ரயிலில் இறங்கி, அன்றிரவே மறுபடி நீலகிரி. 6ஆம் தேதி திங்கட்கிழமை காலை சென்னை, அன்றைக்கே மகளுக்குப் பள்ளி திறக்கிறது. காலாண்டு விடுமுறையைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாகிவிட்டது.

மலை ரயிலில் இறங்குவதற்கு ஐந்து பேருக்கும் சீட் உறுதி. ஏறுவதற்குத்தான் காத்திருப்போர் பட்டியல். அறுபது நாளுக்கு முன்பே காலை எட்டு மணிக்கு என் கணவர் கணினி முன்னால் உட்கார்ந்தும் இதுதான் கதி.

செப்டம்பர் 27, சனி

இன்று மருந்துப் பை. இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் இருப்பது இது ஒன்றில்தான். அப்பாவுக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின்.

உபரியாகப் பத்து சிரிஞ்ச் வாங்கி வந்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், நானும் வாங்கிப் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நீட்டினால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"மூடி ஏம்மா ஆரஞ்சு?"

அவருடைய குப்பி மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. நான் வாங்கி வந்ததில் 20 என்ற கோடு வரை இழுத்தால் 0.2 மில்லிதான் ஏறும், அதாவது வெறும் 8 யூனிட். அப்பா இதை நோட்டின் ஓரத்தில் கணக்காகவே போட்டுக் காட்டினார். நல்லவேளை, குறைவான பக்கம்தான் தப்பு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். சின்னதாக ஒரு மூடியின் நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவரோ ஒன்றும் நடக்காதது மாதிரி நோட்டில் "தவறான சரக்கு, திருப்பி அனுப்பவும்" என்று எழுதிக் கொண்டிருந்தார்.

மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை வைக்கலாமே என்றார் என் கணவர். கூடாது, உறைந்துவிட்டால் இன்சுலின் வீண். திறந்த குப்பி வெயில் படாமல், 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை தாங்கும். ரயிலில் ஈரத்துணி சுற்றிய சின்னப் பை போதும். ஊட்டியில் அந்தக் கவலையே இல்லை, அறையே ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும். குப்பியும் சிரிஞ்சும் இரண்டு செட்: ஒன்று அப்பாவின் கைப்பையில், இன்னொன்று என்னிடம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட குளுக்கோஸ் பொட்டலம் என் சட்டைப்பையில். கையெழுத்து போட்டுத்தான் பெற்றுக்கொண்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

பரணிலிருந்து ஸ்வெட்டர்களை இறக்கினோம். பாச்சை உருண்டை வாசனையில் வீடே பழைய பெட்டிக்குள் புகுந்த மாதிரி ஆகிவிட்டது. மகளுடைய ஸ்வெட்டர் முழங்கையோடு நிற்கிறது. இங்கே முப்பத்து மூன்று டிகிரியில் ஸ்வெட்டர் தேடி அலைவதைவிட, ஊட்டியில் திபெத்தியர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் வரை? என்னுடைய சால்வை அவளுக்கு. எனக்கு? பார்க்கலாம்.

ஒரு சூட்கேஸ், இரண்டு தோள்பை, ஒரு சாப்பாட்டுக் கூடை. ரயில்வே நாற்பது கிலோ என்று சொல்லட்டும், அப்பாவின் சட்டம் வேறு: ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் மேம்பாலம் ஏற முடியாதது நம் சாமான் இல்லை. ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, என் இரண்டாவது ஜோடிச் செருப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டார். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். வெறும் பாட்டிலே ஒன்றரைக் கிலோ வந்தது என்று அவருக்கு வருத்தம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இன்று ஒரு சின்ன உரசல், கொலுவை வைத்து.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள்தான் படியிலிருந்து எல்லாவற்றையும் எடுப்பது வழக்கம். நாங்களோ விஜயதசமி ராத்திரியே ரயில் ஏறுகிறோம். பொம்மைகளை அன்று மத்தியானமே கட்டி வைத்துவிடலாம், பூட்டின வீட்டில் சாமானை வெளியே விட்டுப் போவது ஸ்டோர் முறை இல்லை என்றார் அப்பா.

"என்னங்க, அது உங்க மில்லு போல்ட்டு நட்டா? அதுபாட்டுக்குப் படியிலயே இருக்கட்டும். மரப்பாச்சியைப் படுக்க வச்சுட்டுக் கிளம்புவோம், வந்து எடுத்துக்கலாம்."

அம்மா கட்சி ஜெயித்தது. அப்பா சும்மா இருப்பாரா, நாற்பத்தேழு பொம்மையையும் எண்ணி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

பால், பேப்பர் ஐந்து நாளுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. சாவியும் துளசிக்குத் தண்ணீரும் எதிர்வீட்டு அக்கா பொறுப்பு.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. புத்தகத்தைத் தொடக்கூடாத நாள் என்பதால் மகளுக்குப் பரம சந்தோஷம். கத்திரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், என் கணவருடைய லேப்டாப், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். திரும்பிப் பார்த்தால் சூட்கேஸுக்கும் ஸ்பிரிங் தராசுக்கும் பொட்டு இருக்கிறது. அப்பா வேலை. சூட்கேஸில் வைத்தது அழியவே இல்லை, அப்படியே ஊட்டி வரப்போகிறது.

மலை ரயில் ஏற்றப் பட்டியல் நகரவில்லை. மகள் அழுகைக்குத் தயாரானாள். அப்பா அவளைத் தீப்பெட்டிகளோடு உட்கார வைத்தார். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு, அதில் எஞ்சினின் பல்சக்கரம் கடித்துக்கொண்டு போகும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளும், இறங்கும்போது தாங்கும்.

"தள்றதை யாரும் பாத்துரலாம் கண்ணு. தாங்கறதைப் பாக்கத்தான் நாம போறோம்."

208 வளைவு, 16 குகை, போகும்போது இருப்பதுதான் வரும்போதும் இருக்கும் என்றதும் அவள் சமாதானம் ஆனாள். ஏற்றத்துக்கு அரசுப் பேருந்து. சொந்தக் கார், வாடகைக் கார் என்றால் இ-பாஸ் வேண்டும், பேருந்துக்கு அது கிடையாது. குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு என்பதால் நோட்டில் புதிதாக ஒரு வரி: எலுமிச்சம்பழம் 3, பெற்றவர் அம்மா.

அக்டோபர் 2, வியாழன்

காலை முழுக்கச் சமையலறை அம்மா வசம். இட்லிக்கு நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி, அனலில் வாட்டிய வாழை இலையில் கட்டினாள். நாளைக் காலைக்குத் தயிர்சாதம்: சோற்றில் பாலை நிறைய விட்டு, தயிர் ஒரே ஒரு கரண்டி. அப்போதுதான் விடியும்போது புளிக்காமல் இருக்கும். தேங்காய் போட்ட எதற்கும் இன்று அனுமதி இல்லை.

ஆறரைக்கு மரப்பாச்சியைப் படுக்க வைத்து, கேஸை மூடி, மோட்டார் சுவிட்சை அணைத்தோம். அணைத்தோமா என்று இரண்டு முறை திரும்பி வந்து பார்த்தோம். இரண்டு முறையும் வந்தது நான்தான். அப்பா டாக்சியில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "மூணாம் நம்பர் டிக் ஆயிருக்கு, வாம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அரக்கோணம் தாண்டியதும் கூடையைத் திறந்தோம். ஆளுக்கு நாலு என்று இருபது இட்லி. அப்பா பொட்டலங்களைப் பிரித்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பதினெட்டுதான் இருக்கு."

டாக்சியில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் மேல் பெர்த்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். போர்வை ஓரத்தில் மிளகாய்ப்பொடி. அப்பா பேனாவைத் திறந்து, இட்லிக்கு எதிரே "குறைவு 2" என்று எழுதி, கையொப்பத்துக்கு நோட்டை மேலே நீட்டினார்.