அவுக கை

2025 ஆகஸ்ட் 27
பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவை அவுககிட்ட கொடுத்துப் பிசையச் சொன்னேன். மாவு பிசைவதே நல்ல பயிற்சி என்று பிசியோதெரபி பார்ப்பவர் சொல்லியிருந்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டே போனது. ஒன்றும் பேசாமல் கையைக் கழுவிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாக.

ஆடி மூணாம் வெள்ளி, காரைக்குடி கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆத்தங்குடிக்குத் திரும்பும்போது நடந்தது. பைக்கில் ரெண்டு பேர். என் கழுத்துக்கு வந்த அரிவாளை அவுக கையால் தடுத்தாக. தாலிச் சங்கிலி போனது போகட்டும். மணிக்கட்டில் தசைநார் அறுந்துபோச்சு. பதினெட்டு வயதிலிருந்து பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், போட்ட கை அது.

ஆகஸ்ட் 30
டீக்கடையில் ஒருவர், "முன்பகை ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டாராம். ராத்திரி முழுக்க அவுக தூங்கவில்லை. வெட்டுப்பட்டவன்தான் தன்மேல் தப்பில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரியணுமா?

செப்டம்பர் 4
பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லித்தான் 15100க்குப் பேசினேன். இலவச சட்ட உதவி எண். காரைக்குடி கோர்ட்டில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு சட்டத் தன்னார்வலர், என் வயதுதான் இருக்கும். "உட்காருங்க அக்கா, தண்ணி குடிங்க" என்றார். இந்த ஒரு மாசத்தில் எந்த ஆபீசிலும் எனக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை.

நான் முதலில் கேட்டது, "ஆளே பிடிபடலையே, கேஸே நடக்கலையே, பிறகு யார்கிட்ட நஷ்டஈடு கேக்கிறது?" என்றுதான். அதற்காகவே சட்டத்தில் இடம் இருக்கிறதாம். குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், வழக்கே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். பணத்தைக் கொடுப்பது அரசு. 2009 கடைசியிலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கென்று 2013இல் தனித்திட்டமும் போட்டிருக்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 396ஆவது பிரிவு. இத்தனை வருசமாக இருப்பது எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அறுத்துப்போன சங்கிலிக்கு அழுதுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அதனால்தான் இதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு வருகிறேன்.

செப்டம்பர் 11
எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கினேன். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகவே கொடுக்கவேண்டும்.

ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தில்தான் பெரிய இடி. விபத்துப் பதிவேட்டு நகலில் "பைக்கிலிருந்து விழுந்து காயம்" என்று இருக்கிறது. அன்று ராத்திரி எங்களைக் காரில் ஏற்றிப்போன புண்ணியவான் பதற்றத்தில் அப்படிச் சொல்ல, எழுதியவரும் அப்படியே எழுதிவிட்டார். காயத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? விழுந்த காயம் அப்படியா நேர்கோடாக இருக்கும்?

செப்டம்பர் 18
மூணு தடவை அலைந்தபின் தையல் போட்ட டாக்டரைப் பார்த்தேன். பழைய குறிப்பை எடுத்துப் பார்த்து, கூரிய ஆயுதத்தால் ஏற்பட்ட காயம் என்று காயச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தார். நல்ல மனுசன். இதைப் படிக்கிறவர்கள் யாருக்கும் இப்படி ஒன்று வரவேண்டாம். வந்தால், ஆஸ்பத்திரி வாசலிலேயே, யாரோ வெட்டினார்கள், அடித்தார்கள் என்று உங்கள் வாயால் சொல்லி எழுத வையுங்கள்.

செப்டம்பர் 22
கல்லல், காளையார்கோவில் வழியாக சிவகங்கை. மனுக் கொடுத்தாச்சு. எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, பட்டறை முதலாளி கொடுத்த சம்பளக் கடிதம், ஆதார், பாஸ்புக். வக்கீல் பீஸ் கிடையாது. இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். வைத்தியச் செலவு முட்டுவதால் இடைக்கால நிவாரணமும் கேட்டு எழுதியிருக்கிறோம்.

கையெழுத்துப் போடும் இடத்தில் அவுக பேனாவை வாங்கிக்கொண்டாக. பிடிக்க முடியவில்லை. பத்தாம் வகுப்புப் படித்தவர் இடது பெருவிரலை மையில் வைத்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 9
வங்கியிலும் அதே கதை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றார்கள். டாக்டர் சான்றைக் காட்டி, கைரேகைக்கு மாற்றியாச்சு. அரை நாள் போச்சு.

அக்டோபர் 17
இடைக்காலத் தொகை கணக்கில் விழுந்திருக்கிறது. மருந்துக்கடைப் பாக்கியை அடைத்தேன்.

அக்டோபர் 30
தொண்ணூறு நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தன்னார்வலர் சொல்லியிருந்தார். நானே போய்க் கேட்டேன். இன்னும் ஆள் அகப்படவில்லையாம்.

நவம்பர் 6
அவுக இன்று பட்டறைக்குப் போனாக, நானும் கூடப் போனேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, இடது கையால் கரண்டியில் சிவப்பை எடுத்து இதழுக்குள் ஊற்றினாக. சாயம் கரை தாண்டி மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. அந்தக் கல்லை முதலாளி ஓரமாக எடுத்து வைத்தார், உடைக்கவில்லை. "நாளைக்கும் வாப்பா" என்றார். அச்சுக்குள் சாயம் இறங்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்குள் விரல் சொன்னபடி கேட்கவேண்டும்.

நவம்பர் 21
உத்தரவு வந்துவிட்டது. தொகை எவ்வளவு என்று எழுத மாட்டேன், அவுக வேண்டாமென்கிறாக. போன கைக்கு அது ஈடாகாது. ஆனால் ஒரு வருசம் பிள்ளைகள் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் தாங்கும். பிச்சையாக வந்த பணமில்லை.

திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொன்னாக. சம்பவத்தில் மனுதாரர் தரப்பில் எந்தத் தவறும் இல்லை என்ற வரி வந்ததும், "நிறுத்து, திரும்பப் படி" என்றாக. படித்தேன். மறுபடியும் கேட்டாக.

அப்புறம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "நாலு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. ஒண்ணை டீக்கடைக்குக் கொண்டுபோறேன்" என்றாக.